வண்டிப் பட்டறையிலிருந்து வீட்டுக் கொட்டகைக்கு

இங்கிலாந்தில் நடுத்தர வகுப்பினர் வாழும் புறநகர்த் தெருக்களில், வீட்டை ஒட்டியோ தோட்டத்தின் கோடியிலோ, ஒரு கார் உள்ளே நுழைந்துவிட்டால் அதன் கதவைத் திறந்து இறங்கக்கூட இடம் போதாத சிறு கொட்டகைகள் உண்டு. பகலெல்லாம் பாங்கியிலோ பள்ளியிலோ உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலையில் அக்கொட்டகைக்குள் புகுந்து, துருவேறிக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தகடு தகடாகப் பிரித்து, வெட்டி, பற்றவைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, வர்ணம் அடித்து, வருஷங்கள் சில கழிந்த பின் மீண்டும் வீதிக்குக் கொண்டுவரும் கிருஹஸ்தர்கள் அந்நாட்டில் ஏராளம். வண்டிக்கு வர்ணம் பூசுவது ஒரு காலத்தில் தனி ஜாதித் தொழிலைப் போல, தகப்பனிடமிருந்து மகனுக்கும் எஜமானனிடமிருந்து பயிற்சிப் பையனுக்கும் மட்டுமே கைமாறி வந்த வித்தை. அவ்வித்தை எப்படி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால் விசித்திரமான ஒரு சரித்திரம் எதிர்ப்படுகிறது. வர்ணம் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்த அதே காலத்தில், வண்டியின் உடல் வீட்டுக்காரனின் கைக்கு எட்டாமல் விலகிப் போய்க்கொண்டிருந்தது என்பதே அச்சரித்திரத்தின் சாரம்.

மோட்டாருக்கு முன்னே குதிரை வண்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனின் கோச்சு வண்டிப் பட்டறைகளில், பிரபுக்களின் வண்டி ஒன்று மரவேலையும் இரும்பு வேலையும் முடிந்து வர்ணச் சாலைக்கு வந்ததென்றால், அது அங்கிருந்து வெளியேற வாரக்கணக்காகும், சில வேளைகளில் மாதத்திற்கு மேலும் ஆகும். ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து முதற்பூச்சு. அது காய்ந்த பின் மரத்தின் நரம்புகளையும் குழிகளையும் மூடுவதற்காக ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிரப்புப் பூச்சுகள். பிறகு நுரைக்கல்லையும் தண்ணீரையும் கொண்டு, மணிக்கணக்காக, கண்ணாடித் தளம் போல் ஆகும்வரை தேய்ப்பு. அதற்கு மேல் நிறம். நிறத்திற்கு மேல் வார்னிஷ், ஒரு முறையன்று, பல முறை. எண்ணெய் வர்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சிக் கெட்டியாகிறது. ஆகவே எவ்வளவு கூலி கொடுத்தாலும் அதை அவசரப்படுத்த வழியில்லை. வார்னிஷ் பூசும் அறைக்குள் அநாவசியமாக எவரும் நுழையக் கூடாது. தூசி எழாதிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். பூசுகிறவன் கம்பளி உடையைக் கழற்றிவிட்டே உள்ளே போவான். இவ்வளவும் செய்த வண்டி மறு வருஷமே மங்கத் தொடங்கும் என்பதும், மறுபடி வார்னிஷுக்கென்று பட்டறைக்கு வரும் என்பதும் அத்தொழிலாளர்களுக்கு நிலையான ஜீவனோபாயமாக இருந்தன.

மோட்டார் கார் பிறந்தபோது அதன் உடலைச் செய்தவர்களும் இதே பட்டறைக்காரர்களே. யந்திரம் புதிது, உடுப்புப் பழையது என்ற நிலை. நூற்றுக்கணக்கில் கார் செய்த காலத்தில் இது தொல்லையாகத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கியதும் வர்ணம் காய்வதற்காகக் காத்துக் கிடக்கும் உடல்களை வைக்க இடமில்லாமல் தொழிற்சாலைகள் திணறின. 1914 முதல் 1925 வரை ஹென்றி ஃபோர்டு தம் மாடல் டி காரைக் கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் விற்காததைப் பற்றிப் பலரும் வேடிக்கையாகப் பேசுவதுண்டு; அதன் பின்னால் இருந்தது கஞ்சத்தனம் அன்று, நிலக்கீல் கலந்த அந்தக் கறுப்பு மலிவானது, நீடித்து உழைப்பது, அடுப்பறையில் சுட்டுக் காய வைக்கத்தக்கது என்ற கணக்குத்தான்.

இந்த முடிச்சை அவிழ்த்தது யுத்தம். முதலாம் உலக யுத்தத்தில் நேசநாடுகளுக்கு வேண்டிய வெடிமருந்தில் கணிசமான பகுதியைச் செய்து கொடுத்த அமெரிக்கக் கம்பெனியான டூபாண்டிடம், யுத்தம் முடிந்ததும், பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து நைட்ரோசெல்லுலோஸ் செய்யும் பெரும் சாலைகள் வேலையின்றி நின்றன. அப்பொருளைக் கரைப்பானில் கரைத்தால் ஒருவித அரக்கு கிடைக்கும் என்பது முன்னரே தெரிந்த விஷயந்தான். ஆனால் பூசத்தக்க அளவுக்கு அதைத் தளர்த்தினால் படலம் காகிதத்தைவிட மெலிந்து போகும், தடிப்பாக வேண்டுமென்று கரைத்தாலோ கூழாகிவிடும். 1920-இல் டூபாண்டின் ரசாயனிகள் தற்செயலாகப் பிசுபிசுப்புக் குறைந்த ஒருவகை நைட்ரோசெல்லுலோஸைக் கண்டார்கள். அதில் நிறப்பொடியை நிறையச் சேர்க்கலாம், சேர்த்தும் அடிக்கலாம். அதுவே 1923-இல் டூகோ என்ற பெயரோடு வெளிவந்தது. டூபாண்டு பெரும் பங்கு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் அதை முதலில் எடுத்துக்கொண்டு, 1924-ஆம் வருஷ மாடலாக நீல நிறத்தில் ஓக்லண்டு காரை இறக்கிற்று. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. நம் ஊர்ப் பட்டறைகளில் மரச் சாமான்களுக்கு அடிக்கும் டூகோ பெயிண்டும் இந்த வம்சத்தில் வந்ததே.

ஆனால் அரக்கு இவ்வளவு விரைவாகக் காய்ந்தால் தூரிகையால் இழுக்க முடியாது, இழுக்கும்போதே பிடித்துக்கொள்ளும். அதைத் தெளித்தாக வேண்டும். தெளிக்கும் கருவியோ எப்போதோ ஆயத்தமாகியிருந்தது. அதன் மூலபுருஷர் வர்ணக்காரர் அல்லர், ஒரு வைத்தியர். ஒஹையோ மாகாணத்து டொலீடோ நகரத்தில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் துளித்துளியாகத் தெளிப்பதற்கென்று ஒரு சிறு பம்பை அமைத்து 1888-இல் அதற்காகவே கம்பெனியும் தொடங்கினார். அவருடைய குமாரர் தாமஸ் அதே தத்துவத்தைப் பெரிதாக்கி வர்ணம் தெளிக்கும் ஸ்ப்ரே கன்னைச் செய்தார். காய்ந்த வர்ணத்தைத் தேய்க்கும் துன்பத்துக்கு டூகோ வந்த தசாப்தத்திலேயே பரிகாரம் பிறந்தது. உலர்ந்தபடி தேய்த்தால் ஈயத் தூசி எழுந்து தொழிலாளியின் மார்பை அடைக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்தாலோ சாதாரண உப்புத்தாள் கரைந்து போகும். பிலடெல்பியாவில் மை வியாபாரம் செய்துவந்த பிரான்சிஸ் ஓக்கி தண்ணீருக்கு அசையாத ஒரு தாளைக் கண்டுபிடித்தார். மின்னசோட்டாவின் 3எம் கம்பெனி 1921-இல் அதை உலகுக்கு விற்றது. நம் மெக்கானிக்குகள் வாட்டர் பேப்பர் என்பது இதைத்தான்.

இந்தத் தாளை விற்பதற்காகப் போன ஒருவரால்தான் மற்றொரு சாதனமும் வந்தது. 3எம் கம்பெனியின் சோதனைச்சாலையில் சிற்றுத்தியோகத்திலிருந்த ரிச்சர்டு ட்ரூ என்ற இளைஞர், தாளின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு செயிண்ட் பால் நகரத்தில் கார் வர்ணம் அடிக்கும் ஒரு பட்டறைக்குள் நுழைந்தபோது, தொழிலாளி ஒருவன் உரக்கத் திட்டிக்கொண்டிருந்தானாம். இரண்டு நிறம் அடிப்பது அக்காலத்து மோகம். ஒரு நிறம் அடித்து முடித்ததும் அதைக் காகிதத்தாலும் பசையாலும் மூடிவிட்டு மற்ற நிறத்தை அடிப்பார்கள். மூடியதை உரிக்கும்போது புது வர்ணமும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். இதற்கு ஒரு மருந்து செய்து தருகிறேன் என்று ட்ரூ அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். எப்படிச் செய்வது என்று அவருக்கு அப்போது தெரியாது. எண்ணெய்களையும் பிசின்களையும் கலந்து பார்த்து, இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, தச்சரின் வஜ்ஜிரத்தோடு கிளிசரினைச் சேர்த்துச் சுருக்கம் விழுந்த காகிதத்தின்மேல் தடவி, 1925-இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டு வந்தார். சிக்கனத்துக்காக ஓரங்களில் மட்டும் பசை தடவிய முதல் மாதிரியைப் பார்த்துப் பட்டறைக்காரன், ‘உன் ஸ்காட்லாந்துக்கார எஜமானர்களிடமே கொண்டு போ’ என்று ஏசினான் என்பதும், ‘ஸ்காட்ச்’ என்ற வியாபாரப் பெயர் அந்த ஏச்சிலிருந்தே வந்தது என்பதும் கர்ண பரம்பரை. அக்கதை மெய்யோ பொய்யோ, அரக்கு, ஸ்ப்ரே கன், வாட்டர் பேப்பர், டேப் என்ற நான்கும் கூடிய அன்றே பழைய வர்ணச் சாலையின் ரகசியம் உடைந்தது என்பது என் அபிப்பிராயம். தொழிற்சாலையின் அவசரத்துக்காகப் பிறந்தவை இவை; வீட்டுக்காரனை எவரும் நினைக்கவில்லை. ஆயினும் கையடக்கமான இச்சாமான்களை எவனும் காசு கொடுத்து வாங்கலாம் என்றாகிவிட்டது.

இனி உடலுக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டில் மாரிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தின் நிர்வாகியாயிருந்த சிசில் கிம்பர், சாதாரண மாரிஸ் கார்களின் அடித்தளத்தின்மேல் நேர்த்தியான உடல்களை ஏற்றி விற்கத் தொடங்கியதிலிருந்து எம்.ஜி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. 1928-இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைத்த எம்-டைப் மிட்ஜெட்டின் விலை 175 பவுன். மரச்சட்டத்தின்மேல் ஒட்டுப்பலகை, பலகைக்கு மேல் பூச்சிட்ட துணி, இவ்வளவுதான் அதன் உடல். பின் வந்த மிட்ஜெட்டுகளில் துணி போய்த் தகடு வந்தது, ஆனால் தகட்டைத் தாங்கியது ஆஷ் மரச்சட்டமேயாகும். இரும்பாலான அடிச்சட்டம் தனியே கீழே நின்று பாரத்தையெல்லாம் சுமந்தது; உடல் அதன்மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட ஒரு பெட்டி. மரம் உளுத்தால் தச்சன் மாற்றுவான். தகடு நெளிந்தால் கழற்றிச் சுத்தியலால் தட்டலாம். 1945-க்கும் 1949-க்கும் இடையே டிசி என்ற மிட்ஜெட் கார்கள் ஏறத்தாழ 10,000, ஆபிங்டனிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் செய்யப்பட்டன; அவற்றில் சுமார் 2,000 அமெரிக்காவுக்குச் சென்று அந்நாட்டாருக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்னவென்று காட்டின. இன்றும் ஒரு டிசியை வாங்கி அதைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கொட்டகைச் சுவரில் சாத்திவைப்பவன், தன் பாட்டன் காலத்துத் தச்சு ஆயுதங்களைக் கொண்டே வேலையில் பாதியை முடித்துவிடலாம்.

1955-இல் வந்த எம்ஜிஏ மரச்சட்டத்தைக் கைவிட்டது. ஆயினும் தரைக்கு ஒட்டுப்பலகையையும் அடியில் தனிச் சட்டத்தையும் வைத்துக்கொண்டது. 1962-இல் எம்ஜிபி வந்தது, அதோடு பழைய உலகம் முடிந்தது. அதற்குத் தனி அடிச்சட்டம் என்பதே இல்லை. அச்சில் அழுத்திய மெல்லிய தகடுகளை ஆயிரக்கணக்கான புள்ளிகளில் பற்றவைத்துச் சமைத்த உடலே சட்டம், சட்டமே உடல். கூரையில்லாத காருக்கு இந்த அமைப்பில் பலம் எங்கிருந்து வரும்? கதவுகளுக்குக் கீழே, வண்டியின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடுகளிலிருந்து. உள்தகடு, வெளித்தகடு, நடுவே ஒரு பிரிப்புத் தகடு என்று மூடுண்ட அந்தப் பெட்டிக்குள் மழைநீரும், குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக ஆங்கிலேயச் சாலைகளில் கொட்டும் உப்பும் புகுந்தால் வெளியே வர வழியில்லை. துரு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. உள்ளே தோன்றி, உண்டு, முடித்த பிறகே வெளியே முகம் காட்டியது. விஷயம் அறியாத வீட்டுக்காரன் உளுத்த பெட்டித் தகட்டை முட்டுக் கொடுக்காமல் வெட்டி எடுத்தால், வண்டியின் நடு தொய்ந்த கயிற்றுக் கட்டிலாக இறங்கும். அந்நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்துவிட்டால் பிறகு கதவு மூடாது, எத்தனை ஜன்மம் எடுத்தாலும் மூடாது. அதனால்தான் அனுபவசாலிகள் கதவுகளை அதனதன் இடத்தில் மாட்டிவைத்து, கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி சீராயிருக்கிறதா என்று வினாடிக்கு வினாடி பார்த்துக்கொண்டே வெட்டுகிறார்கள், பற்றவைக்கிறார்கள்.

வர்ணம் வீட்டுக்கு வந்த காலம் இதுவே என்பதைக் கவனிக்க வேண்டும். சுத்தியலும் மர உளியும் போதும் என்றிருந்த இடத்தில் வெல்டிங் யந்திரமும், உலோகத்தின் அளவு சாஸ்திரமும் வேண்டியதாயின. இந்த இக்கட்டில் வீட்டுக்காரனுக்குத் துணையாகவும் சத்துருவாகவும் ஒருங்கே வந்து வாய்த்தது ரெசின் பட்டி. அதற்கு முன் பட்டறைகளில் நெளிவை நிரப்பியது ஈயம். தகட்டைச் சுட்டு, ஈயக் கம்பியை உருக்கி, கொழுப்புத் தடவிய மரக்கரண்டியால் அதை வெண்ணெயாக இழுத்து நிறுத்துவது கைத்தேர்ச்சி உள்ளவனுக்கே சாத்தியம். ஜாகுவார் ஈ-டைப்பின் மூட்டுகள் தொழிற்சாலையிலேயே ஈயத்தால் மறைக்கப்பட்டவை. 1955-இல் மயாமியில் கார் பட்டறை வைத்திருந்த ராபர்ட் ஸ்பிங்க், ஈயம் வேண்டாமென்று பாலியெஸ்டர் பிசினில் தூள் கலந்து ஒரு பட்டியைச் செய்தார். கடினமாக்கும் களிம்பை ஒரு சொட்டுக் கலந்தால் கால் மணியில் கல்லாகும். தேய்த்தால் தகடு எது பட்டி எது என்று தெரியாது. நெளிவை மூடுவதற்காக வந்த அது, ஓட்டையை மூடவும் பயன்பட்டதுதான் விபரீதம். கோழிக்கூட்டுக் கம்பி வலையைத் திணித்து, செய்தித்தாளைச் சுருட்டிச் சொருகி, அதன்மேல் விரலளவு பட்டி அப்பி, மேலே பளபளவென்று வர்ணம் அடித்து விற்ற எத்தனையோ கார்களை, அடுத்த சொந்தக்காரன் தேய்க்கும்போது முந்தைய தசாப்தத்துத் தேர்தல் செய்தியோடு வெளியே எடுத்திருக்கிறான். பழைய கார்களுக்கு வருஷாந்திரச் சோதனையை 1960-இல் இங்கிலாந்துச் சர்க்கார் கொண்டுவந்தது. முதலில் பிரேக்கும் விளக்கும் ஸ்டியரிங்குமே பார்த்தவர்கள் பின்னர் உடலின் அரிப்பையும் பார்க்கத் தலைப்பட்டதும், இந்தப் பித்தலாட்டம் ஓரளவு அடங்கியது.

1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளிவந்து ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட எம்ஜிபிகள் உலகில் ஓடியிருந்தன. இனிப் புதிது கிடையாது என்றதும் பழையது அருமையாயிற்று. உடைந்ததை எறிந்துவிட்டுப் புதிது வாங்கியவன், உடைந்ததையே பாதுகாக்கத் தொடங்கினான். வீட்டில் கார் புதுப்பிப்பதை ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடித்துச் சொல்லிக் கொடுக்கும் பத்திரிகைகள் இங்கிலாந்தில் தோன்றியதும் அக்காலத்திலேதான். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற ஸ்தாபனம் பழைய அச்சுகளைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்து, 1988-இல் எம்ஜிபியின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்க முன்வந்தது. கைக்கு எட்டாமல் விலகிய தகடு இப்படிப் பணத்தால் திரும்பி வந்தது. உளுத்த உடலைத் தூக்கி எறிந்துவிட்டு, எஞ்சினையும் சக்கரங்களையும் பதிவெண்ணையும் புது உடலுக்கு மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு மாற்றியது பழைய காரா, பழைய பெயர் தாங்கிய புதுக் காரா என்பது தர்க்க சாஸ்திரிகளுக்கு நல்ல விஷயம். அதே உடலின் வழிவந்ததைக் கொண்டு ரோவர் கம்பெனியே 1993-இல் எம்ஜி ஆர்வி8 என்று புதுக் கார் விற்றதால் தர்க்கம் இன்னும் சிக்கலாகிறது.

தகட்டு வேலை முடிந்து வர்ணத்துக்கு வந்தால், வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் செல்லுலோஸ் என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பழைய அரக்கையே நெடுங்காலம் விரும்பினார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு. தின்னர் ஆவியானவுடன் அது காய்கிறது. அடுத்த பூச்சை அடித்தால் கீழ்ப்பூச்சு சற்றே இளகி இரண்டும் ஒன்றாகின்றன. தூசி விழுந்தால் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். கொட்டகை அழுக்காயிருந்தாலும் மன்னிக்கும் குணம் அதற்கு உண்டு. மன்னிக்காதது ஈரத்தை மட்டும். தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்பும் பச்சையும் பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். ஆங்கில நாட்டின் மழை நாட்களில் இது அடிக்கடி நேர்வதால், மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பார்கள், அல்லது வெயிலுக்காகக் காத்திருப்பார்கள். கொட்டகையைச் சூடாக்க மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டுபவனை முட்டாள் என்றே சொல்ல வேண்டும். அவன் கையில் இருப்பது வெடிபஞ்சின் சகோதரம். பிரைமர் காய்ந்ததும் அதன்மேல் கறுப்பை மெல்லிய பனிபோலத் தெளித்துவிட்டு, நீளக் கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். மேட்டில் கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் தங்கும், கண்ணுக்குத் தெரியாத நெளிவெல்லாம் வரைபடமாகத் தெரியும். ஆறேழு பூச்சுக்குப் பிறகும் உடனே பாலிஷ் போடக் கூடாது. அரக்கு வாரக்கணக்கில் சுருங்கும், சுருங்கும்போது கீழேயுள்ள கீறல்களைக் காட்டிக் கொடுக்கும். அடிக்கும் நாளன்று தரையில் தண்ணீர் தெளிப்பதும், சட்டையில் பஞ்சு உதிராதா என்று பார்ப்பதும் வீட்டுக்காரர்களும் கற்றுக்கொண்டவை. கோச்சுப் பட்டறையின் ஆசாரம் ஒரு நூற்றாண்டு கடந்து இவர்களிடம் வந்திருக்கிறது. மணிக்கணக்கில் வேலை முடிய வேண்டுமென்று பிறந்த வர்ணத்தை, காலத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்களே இன்று தேடிப் பிடிக்கிறார்கள்.

பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஜி. காரன் எந்த நிறத்தில் வாங்கினாலும் புதுப்பிக்கையில் கரும்பச்சையாக்கிவிடும் ஆசை பரவலாக உண்டு. 1902-இல் கோர்டன் பென்னட் கோப்பையை எஸ்.எஃப். எட்ஜ் நேப்பியர் காரில் வென்றதால் மறு வருஷப் பந்தயத்தை நடத்தும் பொறுப்பு பிரிட்டனுக்கு வந்தது; ஆங்கிலச் சட்டம் சாலையில் பந்தயத்துக்கு இடம் கொடாததால் அயர்லாந்தில் நடத்தினார்கள்; அந்நாட்டுக்கு மரியாதையாகப் பிரிட்டிஷ் கார்கள் பச்சை அணிந்தன. ஆனால் அந்தப் பச்சை எது என்பதற்கு ஒரே நிர்ணயம் என்றும் இருந்ததில்லை.

1970-களில் இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் புதுவகை வர்ணம் பட்டறைகளில் பரவிற்று. ஒரே அடியில் பளபளக்கும், கல்லைப்போல் உழைக்கும். ஆனால் அதன் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட்டு மூச்சுக் குழாயைத் தாக்கி ஆஸ்துமாவைத் தரவல்லது. வெளியிலிருந்து குழாய் மூலம் காற்று வரும் முகமூடியின்றி அதை அடிப்பது தற்கொலைக்குச் சமானம், வீட்டுக் கொட்டகைக்கு அது தகாது. கரைப்பான் புகையைக் குறைப்பதற்காக ஐரோப்பிய நாடுகள் 2007 முதல் கட்டுப்பாடு விதித்தபோது பழைய செல்லுலோஸும் சிக்கியது. சரித்திர மதிப்புள்ள வண்டிகளுக்கு மட்டும் உரிமத்தின் பேரில், சிறு அளவில், விதிவிலக்கு வைத்தார்கள்.

இதற்கிடையே புதுப்பிப்போர் மத்தியிலேயே ஒரு சர்ச்சை எழுந்தது. புதிதைவிடப் புதிதாகப் பளபளக்கும் கார் பழைய காரின் உண்மையைக் கொன்றுவிடுகிறது என்றார்கள் சிலர். பழங்கார்ச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் ஏற்ற டூரின் சாசனம், மாற்றுவதற்கு முன் காப்பதையே வற்புறுத்துகிறது. எனக்கும் அந்தக் கட்சியில் சாய்வு உண்டு. இந்த நோக்கு எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவில் கார்வெட் சங்கம் நல்ல திருஷ்டாந்தம். 1953-இல் 300 கார்களோடு, அத்தனையும் வெள்ளையாக, கண்ணாடி நாரினால் செய்த உடலோடு தொடங்கிய செவ்ரொலே கார்வெட்டில் அந்த உடலுக்குத் துரு பயம் இல்லை. அவ்வுடலைப் புதுப்பிப்பவனுக்கு வர்ணமே பெரிய வேலை. 1974-இல் அமைந்த கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தில் நடுவர்கள் அழகுக்கு மதிப்பெண் போடுவதில்லை; தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று கார் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள், மிகையான மெருகுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். ஆகவே இப்போது சில அமெரிக்கக் கொட்டகைகளில், கண்ணாடியாகத் தேய்த்து முடிக்கத் தெரிந்த கை அவ்வாறு தேய்க்காமல் நிறுத்திக்கொள்கிறது. கார்வெட் செய்யப்பட்ட செயிண்ட் லூயிஸ் தொழிற்சாலையில் மணியடிப்பதற்குள் ஒரு காரை முடித்தாக வேண்டியிருந்த தொழிலாளி கதவின் உட்புறத்தில் எங்கே வர்ணத்தை மெலிய விட்டான், எந்த மூலையில் ஆரஞ்சுத் தோலாகச் சொரசொரக்க விட்டான் என்று பழைய புகைப்படங்களிலிருந்து கண்டுபிடித்து, அந்தக் குறையை அந்த இடத்திலேயே மறுபடி வைப்பதற்காக ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கிறார்கள்.